அஃபியேமிக்கு ஒரு தமிழ்ச் சொல்

பிப்ரவரி 4, திங்கள்

காலையில் மதுரையிலிருந்து ஞானையா சார் போன் செய்தார். அவர் பதிப்பிக்கும் கிரேக்க-தமிழ் அகராதியில் என் பங்குக்கு இன்னும் ஒரே ஒரு வினைச்சொல்தான் பாக்கி. அஃபியேமி.

"மார்ச் நடுவுல அச்சுக்குப் போகணும் எப்சி. வீட்டு நிலைமை கேள்விப்பட்டேன். கஷ்டமா இருந்தா வேற யார்கிட்டயாவது கொடுத்திரட்டுமா?" என்றார்.

வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். இறையியல் கல்லூரியில் கிரேக்க வகுப்புகளுக்கு ஏற்கெனவே விடுப்புச் சொல்லியாகிவிட்டது. இதுவும் போனால் பெட்பேன் கழுவுகிறவள் என்பதைத் தவிர நான் வேறு யாரும் இல்லை என்றாகிவிடும்.

என் கணவர் தனசிங் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதினொரு வருடம் முன்னால் ஒரு பெட்டியோடு நடந்து போனவரை ஆம்புலன்ஸில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். வலது கையும் காலும் வராது. பேச்சு போய்விட்டது. கூட வந்தது அவர் தங்கை பியூலாவும், எங்கள் சபையின் போதகர் கிப்சன் ஐயரும்.

"அந்தப் பொம்பள ஆஸ்பத்திரியில போட்டுட்டு ஓடிட்டா மதினி. அண்ணனுக்கு இனி ஒங்கள விட்டா யாரு இருக்கா?" என்று பியூலா வாசலிலேயே அழுதாள். ஐயர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

நான் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தேன். ஒற்றைக் கதவில் ஸ்ட்ரெச்சர் நுழையாது.

பிப்ரவரி 6

உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பிறகு மறுபக்கம் திருப்பி. முதுகில் புண் வந்துவிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆள் மெலிந்திருந்தாலும் கனம் குறையவில்லை. என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மதியம் அவர் தூங்கும்போது ஒரு பத்தி எழுதினேன். 'அப்போ' என்றால் அப்பால். 'ஹியேமி' என்றால் அனுப்பு. இரண்டும் சேர்ந்தது அஃபியேமி. அப்பால் அனுப்பு, போகவிடு, விட்டுச்செல், அப்படியே இருக்கவிடு, கடனைத் தள்ளு, மன்னி. கணவன் மனைவியைத் தள்ளிவைப்பதற்கும் இதே சொல்தான். ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். மன்னிப்பதற்கும் தள்ளிவைப்பதற்கும் ஒரே சொல்லா என்று.

பிப்ரவரி 8

தனசிங்குக்கு ஒரு வார்த்தை வந்துவிட்டது.

பிசியோதெரபி செய்யும் பெண் அவர் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தபோது தெளிவாகச் சொன்னார். "கனி."

பியூலா கைதட்டினாள். "பழம் கேக்காவ மதினி" என்று செருப்புக்கூடப் போடாமல் கடைக்கு ஓடினாள். சாத்துக்குடி, சப்போட்டா, மலைப்பழம். அவர் எதையும் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் "கனி" என்றார். சாயங்காலம் ஜெபிக்க வந்த ஐயரிடம் பியூலா சொன்னாள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனியைப் பற்றி நீளமாக ஜெபித்தார்.

இப்போது தண்ணீர் வேண்டுமானாலும் கனி. துணி நனைந்தாலும் கனி. என்னைக் கூப்பிடுவதற்கும் கனிதான்.

எங்கள் ஊரில் பேச்சில் யாரும் பழத்தைக் கனி என்று சொல்வதில்லை. ஆனால் கோயிலில் கேட்கும் வேத பாஷையில் ஊறியவர்களுக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. 'அந்தப் பொம்பள' என்றும் 'சத்துணவுக்காரி' என்றும்தான் பியூலாவுக்குத் தெரியும். பேரை யாராவது சொல்ல வாயெடுத்தால்கூட எழுந்து போய்விடுவாள். எனக்குத் தெரியும். தனசிங் அறிவியல் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். சண்முகக்கனி.

வீடு முழுக்கப் பழ வாசனை. ஜன்னல்களைத் திறந்துவைத்தேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பத்துப் பேர் ஐயரோடு வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மனசு யாருக்கு வரும்" என்றார்கள். ஒருத்தி, "எப்படிக்கா மன்னிச்சிய?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து "கனி" என்று சத்தம். போய்விட்டேன்.

போகும்போது ஐயர் தனியாகக் கூப்பிட்டார். லெந்து உபவாச நாட்கள் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, மார்ச் மூன்றாம் தேதி, எங்கள் குடும்பத்துக்காக ஒரு ஸ்தோத்திர ஆராதனை. தனசிங்கைச் சக்கர நாற்காலியில் கூட்டிவரவேண்டும். அவரை மன்னித்து ஏற்றுக்கொண்டதைப் பற்றி நான் சபைக்கு முன்னால் சாட்சி சொல்லவேண்டும். "சபையில எத்தனையோ குடும்பம் உடைஞ்சு கிடக்கு எப்சியம்மா. ஒங்க வாயால கேட்டா அவங்களுக்கு பெலனா இருக்கும்."

சரி என்றேன். பாத்திரங்கள் ஊறிக்கொண்டிருந்தன.

பிப்ரவரி 12

அவருக்குச் சவரம் செய்தேன். இடது காதுக்குக் கீழே உள்ள மச்சம் பெரிதாகியிருக்கிறது. டாக்டரிடம் காட்டவேண்டும்.

மேல்சட்டைகள் போதவில்லை. பழைய சட்டைகள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. தூக்கிப்போட நேரம் கிடைக்காததால் இருந்தன. இரண்டுக்குப் பொத்தான் தைத்துப் போட்டுவிட்டேன். நீலக் கோடு போட்டது இன்னும் அவருக்குப் பொருந்துகிறது.

பிப்ரவரி 14

மதியம் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "சார் எப்படி இருக்காவ?" என்று கேட்டாள். தூங்குகிறார், யாரையும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு துணிப்பையைக் கம்பிக்கு மேலாக நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். யார் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

பையில் அவருடைய மூக்குக்கண்ணாடி. ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூட்டிவந்தபோது விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 15

கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். இத்தனை நாளும் அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்ததைப் பக்கவாதம் என்று நினைத்திருந்தேன். சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது.

கண்ணாடி போட்ட புதிதில் கண் கூசும்தான்.

பிப்ரவரி 18

காய்ச்சல். எனக்கு. மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்தேன். பியூலா மதியம் வந்து அவருக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்தாள்.

பேதுருவின் மாமியார் காய்ச்சலாகப் படுத்திருக்கிறாள். இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். காய்ச்சல் அவளை அஃபியேமி செய்கிறது. அவள் எழுந்து எல்லாருக்கும் சோறு போடுகிறாள். முன்பெல்லாம் இந்த இடத்தில் காய்ச்சலை மட்டும்தான் கவனிப்பேன். இன்றைக்கு அந்த அம்மாளை ஒரு நாளாவது படுக்கவிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

சீஷர்கள் வலைகளை விட்டதும் இந்தச் சொல்தான். இரண்டு பேர் தகப்பனைப் படகிலேயே விட்டுப் போனதும், இயேசுவைப் பிடிக்க வந்தபோது தோட்டத்தில் எல்லாரும் அவரை விட்டு ஓடினதும் இதே சொல். நல்ல செயல், கெட்ட செயல் என்று இது பார்ப்பதில்லை. கையிலிருப்பதைக் கை திறந்து விடுகிறது, அவ்வளவுதான். அது வலையா, தகப்பனா, கடனா என்பதைப் பக்கத்துச் சொற்கள்தான் சொல்கின்றன.

பிப்ரவரி 20

ஐயர் வந்தார். சாட்சி எழுதிவிட்டேனா என்று கேட்டார். எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை என்றேன்.

"நீங்க பெரிசா ஒண்ணும் தேட வேண்டாம். கொரிந்தியர்ல ஏழாம் அதிகாரம் வச்சுச் சொல்லுங்க. மனைவி புருஷனை விடக்கூடாதுன்னு பவுல் எழுதியிருக்காரே. அதை நீங்க வாழ்ந்து காட்டிட்டிய."

"அவர்தான் என்னை விட்டுட்டுப் போனாவ, ஐயரே."

"அதனாலதான் சொல்லுதேன். அவர் விட்டார், நீங்க விடல. அதுதான் சாட்சி."

அவர் போனபிறகு கிரேக்கப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். மனைவி எழுவாயாக நின்று, அஃபியேமி அவளுடைய வினையாக வருவது அபூர்வம். இங்கே வருகிறது. அவள் புருஷனை விடலாகாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு 'ஆல்' இருக்கிறது. நம்பிக்கையில்லாத புருஷன் அவளோடு வாழச் சம்மதித்தால். அந்தச் சம்மதம் என்ற வினை வெறுமனே தலையாட்டுவது அல்ல. மனமொத்து இசைவது. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றை நல்லது என்று காண்பது.

இது தனசிங்கைப் போன்றவருக்காக எழுதிய வசனமில்லை என்பது எனக்குத் தெரியும். ஐயர் இழுத்ததால் நானும் இழுத்துப் பார்க்கிறேன். சம்மதித்தால்.

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரால் பேசமுடியாது என்பதால் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 22

ஞானையா சாரோடு அரைமணி நேரம் போனில். முதல் பொருளாக எதைப் போடுவது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

"மன்னின்னே ஆரம்பிச்சிருவோமே எப்சி. பிரசங்கம் பண்றவங்க அதைத்தான் தேடுவாங்க."

"மன்னிங்கிறது கடைசியில வர்ற பொருள் சார். விடுன்னு ஆரம்பிச்சாத்தான் மத்ததெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும். தமிழ்லயும் அந்த விடுவுக்குத்தான் இத்தனை பொருளும் இருக்கு. போகவிடு, விட்டுப்போ, விட்டுக்கொடு."

"விடுன்னா கைவிடுற மாதிரியும் இருக்கே. பாவத்தை மன்னிக்கிறதும் கைவிடுறதும் ஒண்ணாயிருமா?"

கிரேக்கத்தில் ஒன்றாகத்தான் இருக்கிறது சார் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த வாரம் பேசுவோம் என்றார்.

பிப்ரவரி 23, சனி

பியூலாவைத் துணைக்கு வைத்துவிட்டுக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லை எங்கெங்கே போட்டார்கள் என்று பார்க்கவேண்டியிருந்தது. ஐம்பதாம் வருடம் அடிமைகளை விடுவிக்கும் கட்டளையில் இதன் பெயர்ச்சொல் வருகிறது. விடுதலையின் வருடம். அவரவர் தம் குடும்பத்துக்குத் திரும்பிப்போக வேண்டும்.

வெளியே வந்தால் மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வீட்டுக்கு வந்தா ஒங்களுக்குக் கேவலமா இருக்கும். அதான் தெருமுனையில நின்னு, ஒங்க பின்னாலயே இங்க வந்தேன்" என்றாள். "நான் கனி."

தெரியும் என்றேன். அன்றைக்கே தெரியும். கேட்கத் தேவையில்லாததால்தான் கேட்கவில்லை.

"கண்ணாடி போட்டுக்கிடுதாவளா?"

"போட்டுக்கிடுதாவ."

"அக்கா, நான் ஒங்ககிட்ட நியாயம் கேக்க வரல. எனக்கு அந்த யோக்கியதை இல்ல. ஆனா நான் அவங்கள போட்டுட்டு ஓடினேன்னு சொல்லுதாவளாம். அதை மட்டும் நீங்க நம்பக்கூடாது." குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். அன்னைக்கு மாத்திரை வாங்க வெளிய போனேன். திரும்பி வந்தா கட்டில் காலியா கிடக்கு. தங்கச்சி வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாவன்னு நர்ஸ் சொல்லுது. நீங்க யாருன்னு என்னைக் கேட்டாவ. நான் என்னன்னு சொல்ல?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் வீடு. முன்பு அவர்தான் கடையைப் பார்த்துக்கொள்வாராம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுப்பாராம். நான் கேட்காமலே சொன்னாள். பிறகு, நான் கேட்க நினைத்ததையும் சொன்னாள். "ஒங்களப் பத்தி ஒருநாளும் கொறவாப் பேசினது கிடையாது."

அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

"பாக்கணுமா?" என்று கேட்டேன்.

"பாத்தா விட்டுட்டு வர முடியாதுக்கா" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 24, ஞாயிறு

தலைவலி. கோயிலுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 25

பியூலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பொம்பள ஓடிட்டான்னு சொன்னியே. நீ பாத்தியா?"

கிளிப்பை வாயில் வைத்திருந்ததால் பதில் சொல்லத் தாமதமாகிறது என்று காட்டிக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "நாங்க போகும்போது அவ இல்ல மதினி."

"மாத்திரை வாங்கப் போயிருக்கா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் பியூலா."

அவள் ஈரப் பெட்ஷீட்டைக் கொடியில் போட்டு இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "எங்க அண்ணன் அங்க கிடந்து செத்தா எந்தக் கல்லறையில வைப்பாவ? கேள்வி கேக்க ஆள் இருக்காதா? நான் ஒரு நல்லது நெனச்சுத்தான செஞ்சேன். ஒங்களுக்கும் ஒரு துணை. பதினொரு வருசம் நீங்க பட்ட அவமானம் தீரும்லா. ஐயரும் அதைத்தான் சொன்னாவ."

"அவர் என்ன சொன்னார்னு யாராவது கேட்டியளா?"

"அண்ணனா? அவங்களுக்குத்தான் கனின்னு ஒரு வார்த்தையத் தவிர ஒண்ணும் வரலையே."

"அது பழம் இல்ல பியூலா. அது அவ பேரு."

கையிலிருந்த கிளிப்பை அவள் கொடியில் மாட்டவே இல்லை. "நான் ஊட்டிவிடப் பாத்தேனே" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். மீதித் துணியை நான்தான் காயப்போட்டேன்.

பிப்ரவரி 26

இன்று கேட்டேன்.

காலைக் கஞ்சி முடிந்து, முகம் துடைத்து, கண்ணாடி மாட்டிவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டேன். பேச்சுப் போனவர்கள் சில சமயம் ஆமாவுக்கு இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள், ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கவேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருக்கிறாள்.

"இது நம்ம பாளையங்கோட்டை வீடு. தெரியுதா?" தலையாட்டினார்.

"நான் யாரு, பியூலாவா?" இல்லை.

"எப்சியா?" ஆமாம்.

"கஞ்சி குடிச்சாச்சா?" ஆமாம். "இன்னும் வேணுமா?" இல்லை.

பிறகு கேட்டேன். "நீங்க இங்கயே இருக்கியளா?"

அவர் என்னைப் பார்த்தார். இடது கை போர்வையைக் கசக்கியது. தலையை அசைக்கவில்லை. நான் காத்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

"சங்கரன்கோவிலுக்குப் போணுமா?"

தலையாட்டினார். ஒரு தடவை ஆட்டியவர் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை மாதிரி வாய் கோணி அழுதார். "கனி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு, "சரி, சரி, அழாதிய" என்றேன்.

மதியம் அகராதிக் கட்டுரை எழுதவில்லை. இரண்டு பக்கெட் துணி துவைத்தேன். மிஷின் இருக்கிறது. கையால் துவைத்தேன்.

பிப்ரவரி 28

ஐயர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"எப்சியம்மா, நீங்க கிரேக்கம் படிச்சவங்க. நான் ஒங்களுக்குச் சொல்லவேண்டியதில்ல. அது பாவ வாழ்க்கை. அதுக்கு நீங்களே கொண்டுபோய் விடுதேன்னா எப்படி?"

"அவர் போணும்னு சொல்லுதாவ ஐயரே. நான் எப்படிப் பிடிச்சு வைக்க?"

"நோயாளி சொல்லுறதை எடுத்துக்கிட முடியுமா?"

"கஞ்சி வேணுமா வேண்டாமான்னு சொல்லுதது எடுத்துக்கிடுதோம்ல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு மாதமாக வாரத்துக்கு மூன்று முறை வந்து தனசிங்கின் காலைப் பிடித்துவிட்டு ஜெபித்திருக்கிறார். "நீங்க அவரை மன்னிச்சிட்டியன்னு நம்பினேனே" என்றார்.

"மன்னிக்கப் பாக்கேன். ஆனா அவரை நான் வச்சுக்கிட்டாத்தான் மன்னிச்ச மாதிரின்னு எல்லாரும் சொல்லுதிய. எனக்கு அப்படித் தெரியல. அவர் வாய்பேச முடியாமக் கிடக்கும்போது என் வீட்டுல வச்சிருந்தா, அது நான் ஜெயிச்ச மாதிரிதான் இருக்கு."

அது என் வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே கேட்டது.

ஐயர் சன்னமான குரலில், இனி பீடத்தில் வேதபாடம் வாசிக்க என்னைக் கூப்பிடுவது கஷ்டம், கமிட்டி கேள்வி கேட்கும், கல்லூரிக்கும் பேச்சுப் போகும் என்றார். தெரியும் என்றேன். ஐயரம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் குடித்தோம்.

மார்ச் 2, சனி

ஆம்னி ஆம்புலன்ஸ் காலையிலேயே வந்துவிட்டது. நீலக் கோட்டுச் சட்டை போட்டுவிட்டேன். மாத்திரைகள், டாக்டர் சீட்டு, ரப்பர் ஷீட், மீதித் துணி எல்லாம் இரண்டு பைகளில். பியூலா வரவில்லை.

மானூர் தாண்டியதும் வெயில் ஏறியது. அவர் தலைப்பக்கம் உட்கார்ந்து போனேன். குழி வரும் இடங்களில் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன், கடையை மூடிவைத்துவிட்டு அவள் வாசலில் நின்றாள். அவரை இறக்கியபோது கிட்ட வரவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தபிறகுதான் வந்தாள். அவர் இடது கையைத் தூக்கினார். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. டிரைவருக்குப் பைகளை எடுத்துக் கொடுத்தேன். என்னை பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு வண்டி உடனே திரும்பிவிட்டது. அடுத்த சவாரியாம்.

உள்ளே கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தாள். பிடித்து எழும்புவதற்கு உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், காதுக்குக் கீழே மச்சத்தை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று எல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்றாள்.

அடுப்படியில் கேட்டாள். "ஏன்க்கா கொண்டுவந்து விட்டிய?"

"அவர் கேட்டார்."

"அவங்களுக்குத்தான் பேச்சு வரலையே?"

சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் வண்டியில் நினைத்திருந்தேன். சொன்னேன். "ஒரே ஒரு வார்த்தை வருது. ஒன் பேரு. தண்ணிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழம்பு கொதித்து வழிந்தது. நான்தான் கேஸை அணைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றாள். சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம், மோர். ஜனவரிக்குப் பிறகு இன்னொருவர் பரிமாறி, நான் உட்கார்ந்து சாப்பிட்டது இன்றைக்குத்தான். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது நடுவீட்டில் பாய் விரித்து வைத்திருந்தாள். வேண்டாம், பஸ் இருக்கிறது என்றேன். "கொஞ்சம் சாயுங்க, நான் எழுப்புதேன்" என்றாள்.

படுத்ததுதான் தெரியும். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என்மேல் ஒரு சேலையைப் போர்த்தியிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கனவில்லாத தூக்கம். அது அந்த வீட்டுத் தரையிலா வரவேண்டும்?

கட்டிலருகே போய், "போயிட்டு வாரேன்" என்றேன். அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டார். இடது கைக்கு இன்னும் பலம் இருக்கிறது. எதையோ சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை. நான் நின்றேன்.

"விடுங்க, பஸ் போயிரும்" என்றேன்.

விட்டார்.

மார்ச் 3, ஞாயிறு

கோயிலில் முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது. போனேன். என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஸ்தோத்திர ஆராதனையைப் பற்றி ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. பிரசங்கம் வேறு எதைப் பற்றியோ.

மார்ச் 7

அகராதிக் கட்டுரையை முடித்து அனுப்பினேன். விடு என்பதையே முதலில் வைத்தேன். மன்னி ஐந்தாவதாக வருகிறது. ஞானையா சாரின் கேள்விக்கு இப்படி எழுதினேன்: "கைவிடுதலில் விடுகிறவர் போய்விடுகிறார். மன்னித்தலில் விடப்படுபவர் போகலாம் என்றாகிறது. வினை ஒன்றே. யாருக்கு வழி திறக்கிறது என்பதில்தான் வேறுபாடு." படித்துவிட்டுப் போன் செய்தார். "அகராதிக்கு இது கொஞ்சம் அதிகம். ஆனா எடுக்க மனசில்ல" என்றார். எடுத்தாலும் சரி சார் என்றேன். எனக்கு வாதாடத் தெம்பில்லை.

மார்ச் 9, சனி

வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். அறையைப் பெருக்கித் துடைத்தேன்.

சாயங்காலம் பியூலா வந்தாள். ஒரு வாரமாக எட்டிப்பார்க்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்து விசிறிமட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்காவ?"

"போய்ப் பாரு. ஜெராக்ஸ் கடைன்னு கேட்டாச் சொல்லுவாவ."

"நான் போனா அவ உள்ள விடுவாளா?"

"விடுவா."

"நீங்களும் வாரியளா மதினி?"

"நான் வரல. எனக்கு அங்க வேலை இல்ல. திங்கக்கிழமை வகுப்பு இருக்கு."

"ஒங்களுக்குக் கோவமே இல்லையா?"

"இருக்கு."

"அவங்க மேலயா, என் மேலயா?"

"எல்லார் மேலயும்தான்."

"அப்புறம் ஏன் கொண்டுபோய் விட்டிய?"

"கோவம் இருந்தா ஆளைப் பிடிச்சு வச்சுக்கிடணுமா?"

பியூலா விசிறியைக் கீழே வைத்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். போடு, எனக்கும் சேர்த்துப் போடு என்றேன். அவள் அடுப்படிக்குப் போனாள். டப்பாக்களைத் திறந்து சீனி தேடும் சத்தம் கேட்டது. நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்திருந்தேன். அவர் படுத்திருந்த அறையிலிருந்து, நான் எழுந்து ஓடவேண்டிய சத்தம் எதுவும் வரவில்லை.